மன்னிக்கச் சொல்வதற்கு முன் மனதை ஆறவிடுங்கள்

காணி எல்லைக்காக வருடக்கணக்கில் கதைக்காத அண்ணன் தம்பிமார், சீட்டுக் காசை எடுத்துக்கொண்டு முகம் கொடுக்காமல் திரிகிற சிநேகிதி, கலியாண வீட்டில் நாலு பேர் முன்னால் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போன மாமி. மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இப்படி ஒரு கோபம் இல்லாத குடும்பத்தைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்து, அக்கா தங்கைமார் அடுத்தடுத்த வளவில் குடியிருக்கிற ஊர்கள் இவை. அதனால் கோபித்துக்கொண்ட ஆளைக் காணாமல் இருக்கவும் வழியில்லை, கோயில் திருவிழாவில் காணவேண்டும், செத்த வீட்டில் பக்கத்துக் கதிரையில் இருக்கவேண்டும், கல்முனை பஸ்ஸில் ஏறினால் அங்கேயும் அவரே இருப்பார். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு படபடக்கும், அன்றிரவு நித்திரை வராது, பழைய கதை முழுவதும் திரும்ப ஓடும்.

இதற்கு ஊரில் எல்லோரும் சொல்லும் மருந்து ஒன்றுதான்: "மன்னிச்சிடு, மறந்திடு." எப்படி என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. நான் இங்கே எழுதப் போவது அதைத்தான். என் எண்ணம் இது: மன்னிக்க முயன்று பலர் தோற்றுப்போவதற்குக் காரணம் வரிசை மாறிப் போவது. உடம்பு இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும்போதே, நடந்த அநியாயத்தை யாரிடமும் முழுதாகச் சொல்லி முடிக்காமலே, நேரே மன்னிப்புக்குத் தாவுகிறார்கள். அப்படி வாயால் மட்டும் மன்னித்தது அடுத்த சண்டை வரைக்கும்கூட நிற்காது. முதலில் உடம்பு ஆறவேண்டும், அப்புறம் வழக்கு முழுதாகப் பேசப்பட வேண்டும், அதற்குப் பிறகு வருவதுதான் மன்னிப்பு.

எதில் தொடங்கலாம், எதில் தொடங்கக்கூடாது

மன்னிப்பதென்றால் நடந்தது சரி என்று ஒத்துக்கொள்வதா என்று கேட்பார்கள். இல்லை. மறந்துவிட வேண்டும் என்றும் இல்லை, திரும்பச் சேர்ந்து பழகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மன்னிப்பைப் பற்றி நீண்ட காலம் ஆய்வு செய்த அமெரிக்க உளவியலாளர் எவரட் வேர்திங்டன் இதை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறார். பழிவாங்க மாட்டேன், அவரையும் ஒரு மனிதராக நடத்துவேன் என்று நாம் எடுக்கும் முடிவு ஒன்று. உள்ளே கிடக்கும் கசப்பு மெல்ல மெல்லக் குறைந்து, அந்த இடத்துக்கு இரக்கமோ அமைதியோ வருவது இன்னொன்று. முடிவை ஒரு பின்னேரத்தில் எடுத்துவிடலாம், கசப்பு குறைய மாதங்கள் ஆகும், சில சமயம் வருடங்கள். முடிவு எடுத்த பிறகும் கோபம் வருகிறதே, அப்படியென்றால் நான் மன்னிக்கவே இல்லையா என்று குழம்புபவர்கள் இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். வேர்திங்டன் இதை வகுப்பறையில் மட்டும் சொன்னவர் அல்லர். 1996 புத்தாண்டு வேளையில் வீடு புகுந்து திருட வந்தவரின் கையால் அவருடைய தாய் கொல்லப்பட்டார், அதுவரை மற்றவர்களுக்குக் கற்பித்த முறையை அவர் தன் துக்கத்திலேயே செய்து பார்க்க வேண்டி வந்தது.

தொடங்கும்போது சின்னக் கோபம் ஒன்றை எடுங்கள். நினைத்தால் எரிச்சல் வரவேண்டும், ஆனால் கை நடுங்கக்கூடாது, அந்த அளவு போதும். வாழ்க்கையையே புரட்டிப் போட்ட காயத்தை முதல் நாளே கையில் எடுக்கவேண்டாம்.

அப்புறம், இன்னும் நடந்துகொண்டிருக்கும் கொடுமைக்கு இது மருந்தில்லை. குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷனை ஒவ்வொரு விடியலும் மன்னித்துக்கொண்டிருந்தால் அடி நிற்காது. அங்கே முதல் வேலை பாதுகாப்பு. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938 இருக்கிறது, பொலிஸ் இருக்கிறது, நம்பிக்கையான ஒரு சொந்தக்காரர் வீடு இருக்கும். மன்னிப்பை, ஆபத்து முழுதாக விலகிய பிறகு, வேண்டுமென்றால் யோசிக்கலாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்லவேண்டும். காணாமல் போன பிள்ளையின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வீதியில் நிற்கிற தாய்மார் நம் இரண்டு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். மன்னித்து மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் போய்ச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. யார் செய்தது, என்ன நடந்தது என்பதே தெரியாமல் எதை மன்னிப்பது? அவர்கள் கேட்பது உண்மையை, நீதியை. கீழே சொல்லும் மூச்சுப் பயிற்சி அவர்களுக்கு இரவில் கொஞ்சம் கண்ணயர உதவினால் நல்லது, அதற்கு மேல் இந்த விஷயத்தில் அவர்களிடம் எதையும் எதிர்பார்க்கக்கூடாது.

உட்காருவது

விடியற்காலை நல்லது. நம் கரையில் சூரியன் சீக்கிரமே ஏறிவிடும், ஏழு மணிக்குப் பிறகு புழுக்கமும் வேலையும் சேர்ந்து வந்துவிடும், ஆகவே ஐந்தரை மணியளவில், தேத்தண்ணிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுங்கள். முடியாதவர்கள் இரவு படுக்கப் போகும் முன் செய்யலாம். இடம் பெரிய விஷயமில்லை, திண்ணை போதும், பின்வளவு மாமரத்தடி போதும். பன்பாயில் சப்பாணி கட்டி உட்கார முடிந்தால் சரி, முழங்கால் நோ உள்ளவர்கள் பிளாஸ்டிக் கதிரையில் முதுகை நிமிர்த்தி, இரண்டு பாதமும் நிலத்தில் படும்படி உட்காரலாம். போனில் பத்து நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிட்டு, திரை தெரியாமல் கவிழ்த்து வையுங்கள்.

மூக்கால் நாலு எண்ணிக்கைக்கு மூச்சை உள்ளே எடுங்கள். ஆறு எண்ணிக்கைக்கு மெதுவாக வெளியே விடுங்கள். அடக்கிப் பிடிக்கத் தேவையில்லை, சத்தம் போட்டு இழுக்கத் தேவையில்லை. வெளியே விடும் மூச்சு உள்ளே எடுப்பதைவிட நீளமாக இருக்கவேண்டும், அதுதான் முக்கியம். ஏனென்றால் மூச்சை உள்ளே எடுக்கும்போது இதயம் சற்று வேகமாக அடிக்கும், வெளியே விடும்போது வேகம் குறையும், அந்த வேகத்தைக் குறைக்கும் வேலையைச் செய்வது மூளையிலிருந்து நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பு. கோபம் வந்தால் உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிவிடும், அந்த நிலையில் உள்ளவரிடம் எந்த நியாயமும் ஏறாது. நீளமாக மூச்சை விடும்போது ஆபத்து இல்லை, இறங்கலாம் என்ற சேதி உடம்புக்குப் போகிறது. தலை சுற்றுவது மாதிரி இருந்தால் எண்ணுவதை விட்டுவிட்டு வழக்கம்போல மூச்சு விடுங்கள்.

ஐந்து நிமிடம் எண்ணிய பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டு மூச்சு வருவதையும் போவதையும் சும்மா கவனியுங்கள், மூக்கு நுனியிலோ வயிற்றிலோ, எங்கே தெளிவாகத் தெரிகிறதோ அங்கே. அரை நிமிடத்துக்குள் மனம் ஓடிவிடும். கரண்ட் பில், வயலுக்கு எண்ணெய் அடிக்க ஆள் பிடிக்க வேண்டும், பிள்ளையின் டியூஷன் காசு, அப்புறம் அந்த ஆள் அன்றைக்குச் சொன்ன அந்தச் சொல். ஓடினதைக் கண்டதும் உங்களைத் திட்டாமல் மூச்சுக்குத் திரும்புங்கள். எத்தனை தடவை ஓடினாலும் அத்தனை தடவையும் திரும்புங்கள், அந்தத் திரும்பி வருவதுதான் பயிற்சி. மனதில் நினைப்பே வராமல் இருக்கவேண்டும் என்று நினைத்து உட்கார்ந்தவர்கள்தான் இரண்டு நாளில் விட்டுவிடுகிறார்கள்.

தியானம் என்றால் வேறு சமயத்துக்காரர் விஷயம் என்று தயங்குபவர்கள் உண்டு. உங்களிடம் ஏற்கெனவே இருப்பதை எடுங்கள். திருநீறு பூசி "நமசிவாய" சொல்பவர் அதை மூச்சோடு சேர்த்துச் சொல்லலாம், கத்தோலிக்கர் செபமாலை உருட்டலாம், முஸ்லிம் சகோதரர்கள் விடியற்காலை ஸுபஹ் தொழுத கையோடு அமர்ந்து இறைவனை நினைத்துச் சொல்லும் திக்ர் செய்யலாம். இத்தாலிய ஆய்வாளர் குழு ஒன்று 2001இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் ஒரு ஆய்வை வெளியிட்டது. லத்தீன் மொழியில் செபமாலை சொன்னவர்களுக்கும், "ஓம் மணி பத்மே" என்று தொடங்கும் மந்திரம் சொன்னவர்களுக்கும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு என்ற அளவுக்கு இறங்கியது, இதயத் துடிப்பின் லயமும் சீரானது. நாலும் ஆறும் எண்ணினால் வருவதும் அதே கணக்குதான். சும்மா இருப்பதும் நமக்குப் புதிதில்லை, மண்டூர் முருகன் கோயிலில் பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரச் சத்தம் இல்லாமல்தான் பூசை செய்கிறார்.

ஆனால் ஒரு எச்சரிக்கை, இதைத் தவறவிடாமல் வாசியுங்கள். போரில் செல் விழுந்த காலத்தையோ 2004 டிசம்பர் சுனாமியையோ, 2019 ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்பையோ உடம்பில் சுமப்பவர்களுக்குக் கண்ணை மூடியதும் அமைதிக்குப் பதிலாக அந்த நாள் வந்து நிற்கலாம். அப்படியானால் கண்ணை மூடவேண்டாம். நாலு அடி தள்ளி ஏதாவது ஒன்றைப் பார்த்துக்கொண்டிருங்கள், பூச்சட்டி, கிணற்றுக் கட்டு, எதுவானாலும் சரி. பாதம் நிலத்தில் அழுந்துவதைக் கவனியுங்கள். சுற்றிக் கேட்கும் சத்தங்களில் மூன்றை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேளுங்கள். கடலைப் பார்த்தால் நெஞ்சு இறுகுபவர்கள் கடற்கரையில் போய்த் தியானம் செய்ய வேண்டியதில்லை, யார் என்ன சொன்னாலும். உட்காரவே முடியாவிட்டால் நடங்கள், கல்லடிப் பாலத்தில் காலையில் நடக்கிற கூட்டத்தோடு போனில்லாமல், பாதம் படுவதை மட்டும் கவனித்து நடந்தால் அதுவும் தியானம்தான்.

இதை இரண்டு மூன்று வாரம் செய்துவிட்டுத்தான் அடுத்த பகுதிக்குப் போகவேண்டும். அவசரப்படாதீர்கள்.

வழக்கை முழுதாகச் சொல்லுங்கள்

வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில், காரைதீவிலும் தம்பிலுவிலிலும் செட்டிபாளையத்திலும் இன்னும் எத்தனையோ ஊர்களிலும், கதவு திறந்து சடங்கு நடக்கும். எனக்கு அதில் மிகவும் பிடித்தது அதன் ஒழுங்கு. அம்மனைப் பார்த்து ஒருவரும் கோபப்படாதே தாயே என்று எடுத்த எடுப்பில் சொல்வதில்லை. முதலில் கண்ணகி வழக்குரை என்ற கதைப்பாட்டைப் படிக்கிறார்கள். கோவலனுக்கு நடந்த அநியாயம், சிலம்பு, பாண்டியன் சபையில் அவள் கேட்ட நியாயம், மதுரை எரிந்தது, எல்லாம் இரவிரவாக ஊருக்கு முன்னால் சொல்லப்படுகிறது. உன் வழக்கு நியாயமானது என்று ஊரே கேட்டு முடித்த பிறகுதான் கடைசியில் குளிர்த்தி, அவளுடைய சூட்டை ஆற்றும் பாட்டும் சடங்கும். நம் மனதுக்கும் இந்த ஒழுங்கு வேண்டும். கேட்கப்படாத வழக்கு ஆறாது.

உங்கள் வழக்கை எழுதுங்கள். பிள்ளையின் பழைய கொப்பி ஒன்று போதும். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980களில் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில், மனதை உலுக்கிய ஒரு சம்பவத்தைத் தினமும் 15 நிமிடம், நாலு நாள் தொடர்ந்து எழுதச் சொன்னார். நடந்ததையும் அதனால் உண்டான உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் நோய் என்று வைத்தியரிடம் போனது குறைவு. எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனம் இன்னும் பாரமாகத்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும், பயப்படவேண்டாம். நாலு நாளும் அதே அளவு நேரம் எழுதுங்கள், எழுத்துப் பிழை பார்க்காதீர்கள், எழுதி முடியும் வரை யாருக்கும் காட்டாதீர்கள். முடிந்ததும் ஐந்து நிமிடம் மூச்சு.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கிறார். தகப்பன் செத்த பிறகு அண்ணன் வயலை இவருக்குச் சொல்லாமலே விற்றுவிட்டார். முதல் நாள் அக்கா எழுதியது முழுக்க ஏச்சு. நன்றி கெட்டவன், பெண்சாதி பேச்சைக் கேட்டு ஆடுகிறவன், விளங்கமாட்டான். எழுதட்டும், அதுவும் வெளியே வரத்தான் வேண்டும், ஆனால் ஏச்சு என்பது வழக்கு இல்லை. மூன்றாம் நாள்தான் வழக்கு வந்தது. "வயல் வித்த கதைய சந்தையில மரக்கறிக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும்." அதற்குக் கீழே, "அப்பா படுக்கையில கிடந்த அவ்வளவு நாளும் நான்தான் பாத்தன், அத ஒரு நாளும் அண்ணன் வாயால சொன்னதில்ல." கொப்பியை எனக்குக் காட்டியபோது அவரே சொன்னார், காசு பாதிதான், என்னை ஒரு ஆளாக எண்ணவில்லை என்பதுதான் மற்றப் பாதி என்று. காசுப் பாதிக்கு வழி சட்டத்தரணியிடம் இருக்கிறது. மன்னிக்க வேண்டியது மற்றப் பாதியை. இந்த இரண்டையும் பிரிக்காமல் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்ததால் அவருக்கு இரண்டும் நகராமல் கிடந்தது.

எழுதும்போது மூன்று விஷயம் வந்துவிட்டதா என்று பாருங்கள். அவர் என்ன செய்தார், கமெராவில் பிடித்தால் தெரிகிற மாதிரி. அதனால் எனக்கு என்ன ஆனது, காசு, மானம், நித்திரை, பிள்ளைகள். மூன்றாவது, அவர் எப்படி நடப்பார் என்று நான் நம்பியிருந்தேன். அந்த மூன்றாவதில்தான் பெரும்பாலும் முள் இருக்கும். அண்ணன் என்றால் தங்கச்சியைக் கேட்டுத்தான் செய்யவேண்டும் என்பது நல்ல எதிர்பார்ப்பு, நியாயமான எதிர்பார்ப்பு, ஆனால் அவரை அப்படி நடக்கவைக்கும் சக்தி நம் கையில் இல்லை. நடக்கவைக்க முடியாத சட்டத்தை மனதுக்குள் போட்டுவிட்டு ஒவ்வொரு நாளும் அவர் மீறிவிட்டார் என்று கொதிக்கிறோம். இதைக் கண்டதுமே சிலருக்குப் பிடி தளர்ந்துவிடும்.

ஆற்றுவது

இப்போது மன்னிப்புத் தியானம். வழக்கம்போல உட்கார்ந்து மூச்சு ஆறிய பிறகு, மனதுக்குள் நாலு வரி:

நான் ஆபத்தில்லாமல் இருக்கவேண்டும்.
என் உடம்பு சுகமாக இருக்கவேண்டும்.
என் மனம் ஆறவேண்டும்.
இந்தக் கசப்பிலிருந்து நான் விடுபடவேண்டும்.

முதல் சில நாள் உங்களுக்கு மட்டுமே சொல்லுங்கள். சுயநலம் மாதிரித் தோன்றும், அப்படியில்லை, தனக்கு இரங்கத் தெரியாதவரின் மன்னிப்பில் எப்போதும் ஒரு கணக்கு இருக்கும். அடுத்து, நினைத்தாலே முகம் மலர்கிற ஒருவர், அம்மம்மா, பேரப்பிள்ளை, படிப்பித்த ஆசிரியர். அடுத்து, பிடிக்கவும் இல்லை வெறுப்பும் இல்லை என்கிற ஒருவர், சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர் மாதிரி. அவருடைய முகத்தைக் கொஞ்சம் நேரம் நினைத்து, அவருக்கும் வீட்டில் கடன் இருக்கும், முதுகு நோ இருக்கும் என்று நினைத்துச் சொல்லிப் பாருங்கள், ஒரு கிழமைக்குள் அவரைக் காணும்போது நீங்களே முதலில் சிரிப்பீர்கள். கடைசியாகத்தான் அந்த ஆள். அவருக்கு நாலு வரியும் வராவிட்டால் ஒன்று மட்டும்: "அவருடைய மனமும் ஆறவேண்டும்." அதுவும் தொண்டையில் சிக்கினால் விட்டுவிட்டு மூச்சுக்குப் போங்கள், நாளைக்குப் பார்க்கலாம்.

இந்த முறை பௌத்தத்தில் மைத்திரித் தியானம் என்று நெடுங்காலமாக இருப்பது. நம் நாட்டில் நடந்தவற்றை நினைத்து, பௌத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் ஒதுங்குகிற தமிழர்கள் அம்பாறைப் பக்கம் உண்டு, அந்த வலியை நான் குறை சொல்லமாட்டேன். பெயரை விட்டுவிடுங்கள், பிறருக்கு நன்மை வேண்டுவது எந்தச் சமயத்துக்கும் தனிச் சொத்தில்லை.

கசப்பு இன்னும் கெட்டியாக இருந்தால் ஒரு கதிரையைக் காலியாக முன்னால் வைத்து, அந்த ஆள் அதில் இருப்பதாக நினைத்து, கொப்பியில் எழுதியதைச் சத்தமாகச் சொல்லுங்கள். சொல்லி முடித்த பிறகு நீங்கள் எழும்பி அந்தக் கதிரையில் உட்கார்ந்து, அவர் வாயால் பேசுங்கள். கடன்காரர் நெருக்கினது, தகப்பனுக்கு முன்னால் எப்போதும் தங்கச்சிதான் நல்ல பிள்ளை என்று பெயர் எடுத்தது, அவருக்குள்ளே கிடக்கிற ஏதோ ஒன்று வெளியே வரும். இது அவருக்காக வக்காலத்து வாங்குவதில்லை. அவர் செய்தது பிழைதான். பிழை செய்தவர் பூதமில்லை, மனிதர் என்பது தெரிந்தால் பயம் குறையும், பயம் குறைந்தால் கோபத்துக்குத் தீனி குறையும். வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

முடிவு எடுக்கத் தயார் என்று தோன்றும் நாளில் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் திகதி போட்டு ஒரு வசனம் எழுதி வையுங்கள்: "இன்னார் செய்த இன்ன விஷயத்துக்காக அவரைப் பழிவாங்கமாட்டேன், அவர் கெட்டுப்போகவேண்டும் என்று வேண்டமாட்டேன்." திகதி முக்கியம். பிறகு சந்தேகம் வரும் நாளில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம்.

தன்னை மன்னிக்க முடியாதவர்கள்

மற்றவரை மன்னிப்பதைவிட இது கடினம், இதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் கலந்துவிடக்கூடாது. உண்மையிலேயே நாம் ஒருவருக்குத் தீங்கு செய்திருந்தால் தியானம் மட்டும் போதாது. எடுத்த காசைக் கொடுக்கவேண்டும், சொன்ன பொய்யை அந்த ஆட்கள் முன்னாலேயே திருத்தவேண்டும், கேட்கவேண்டிய மன்னிப்பைக் கேட்கவேண்டும், அதற்குப் பிறகுதான் தன்னை விடுவிப்பது.

மற்ற வகை, குற்றமே செய்யாமல் குற்றவுணர்ச்சியைச் சுமப்பவர்கள். நாவலடியிலிருந்து கல்முனை, காரைதீவு வரை கரையோரத்தில் எத்தனை வீட்டில் கேட்டிருப்பீர்கள்: "நான் அண்டைக்குக் கைய விடாம இருந்திருந்தா." சுமாத்திராவுக்குப் பக்கத்தில் நிலம் அதிர்ந்து அலை நம் கரைக்கு வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் இருந்தது, ஆனால் இந்து சமுத்திரத்தில் அப்போது சுனாமி எச்சரிக்கை முறையே இல்லை. அரசாங்கத்துக்கே தெரியாத ஒன்றை அடுப்படியில் நின்ற தாய் எப்படி அறிந்திருப்பாள்? அந்த வேகத்தில் வந்த தண்ணீரில் எந்தக் கையும் நிற்காது. இவர்களிடம் உன்னையே மன்னித்துக்கொள் என்று சொல்வதுகூடப் பிழை, ஏனென்றால் அதில் ஒரு குற்றம் இருந்தது என்ற அர்த்தம் ஒளிந்திருக்கிறது. இவர்களுக்கு வேண்டியது துக்கப்பட இடம். நெஞ்சில் கையை வைத்து, அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி, "எனக்குத் தெரிந்திருந்தால் செய்திருப்பேன், எனக்குத் தெரியாது" என்று மூச்சோடு சொல்லலாம். பக்கத்தில் நம்பிக்கையான ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையும் சாப்பாடும் இல்லாமல் போனால், செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால், பயிற்சியை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மனநலப் பிரிவைக் கேளுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, எந்த நேரமும் எடுக்கலாம். கோயிலில் நூல் கட்டுவதாலும் பள்ளிவாசலில் ஓதிப் பார்ப்பதாலும் மனம் தேறினால் நல்லது, அதற்காக மருந்தை நிறுத்தவேண்டாம்.

நேரில் போகும்போது

ஹஜ்ஜுக்குப் போக முன் வீடு வீடாகப் போய் மாப்புக் கேட்கிற வழக்கம் நம் முஸ்லிம் ஊர்களில் இருக்கிறது. எல்லோரும் எடுத்துக்கொள்ள வேண்டிய வழக்கம் என்று நினைக்கிறேன். நாம் பிழை செய்த இடத்தில் மன்னிப்புக் கேட்கப் போனால் சுருக்கமாகக் கேளுங்கள். "மாமி, அண்டைக்கு உங்களப் பத்தி நான் அப்படிக் கதைச்சது பிழை. உங்களுக்கு எவ்வளவு நொந்திருக்கும் எண்டு விளங்குது. மன்னிச்சுக்கொள்ளுங்க." அவ்வளவுதான். "ஆனா நீங்களும்" என்று ஒரு சொல் சேர்ந்தால் எல்லாம் பாழ். அவர் உடனே மன்னிக்கவேண்டும் என்று எதிர்பார்த்து வாசலில் நிற்கவும் கூடாது, கேட்பது நம் கடமை, கொடுப்பது அவர் விருப்பம்.

நாம் மன்னித்த ஆளிடம் போய், "உங்கள நான் மன்னிச்சிட்டன்" என்று அறிவிக்கவே வேண்டாம். தான் பிழை செய்ததாகவே நினைக்காதவருக்கு அது புதுச் சண்டை. சுகம் விசாரியுங்கள், போதும். மன்னித்ததால் திரும்பக் கடன் கொடுக்கவேண்டும் என்றும் இல்லை, சீட்டை ஏமாற்றியவரிடம் இன்னொரு சீட்டுப் போடவேண்டாம், காணி விஷயம் என்றால் உறுதியை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படுவான்கரை அக்கா இப்போது அண்ணனோடு கதைக்கிறார், அண்ணன் மகளின் சாமத்திய வீட்டுக்குப் போய்ப் பலகாரமும் சுட்டுக் கொடுத்தார். காணி வழக்கு கோர்ட்டில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம், அதில் முரண் ஒன்றும் இல்லை.

எல்லாம் செய்த பிறகும் கோபம் திரும்பி வரும், அதுவும் திவச நாளில், வருடப் பிறப்பில், எதிர்பாராத ஒரு கலியாண வீட்டில். அந்த ஆள் பந்தலுக்குள் நுழைவதைக் கண்டதும் முதலில் பாதத்தை நிலத்தில் அழுத்துங்கள். நாலுக்கு உள்ளே, ஆறுக்கு வெளியே, மூன்று மூச்சு. பக்கத்தில் வந்தால் "சுகமா இருக்கிங்களா" என்று கேளுங்கள், அதற்கு மேல் கதை வராவிட்டால் சாப்பாட்டுப் பந்திக்கு எழும்பிப் போங்கள். பழைய கதையை யாராவது அங்கேயே கிளப்பினால் பதில் சொல்லாமல் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பிவிடலாம். அன்றிரவு படுக்கும் முன் கொப்பியை எடுத்துப் புதிதாக என்ன வந்தது என்று மட்டும் எழுதுங்கள், பழைய வழக்கை முதலிலிருந்து எழுதவேண்டாம், அடுத்த நாள் காலையில் அந்த ஆளுக்கான அந்த ஒரு வரியிலிருந்து தொடருங்கள்.